அண்ணன் இலைக்கு வெள்ளரிக்காய்

செத்துப்போனவனுக்கு என்ன பிடிக்கும் என்பது, அவன் செத்த பிறகு சொந்தக்காரர்களுக்குத்தான் நன்றாகத் தெரிகிறது. என் அண்ணனின் பதினாறாம் நாள் காரியத்துக்கு இரண்டு நாள் முன்பே கலவை ஊரிலிருந்து வந்துவிட்ட அத்தை, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தாள். படையல் இலையில் அவனுக்குப் பிடித்ததையெல்லாம் வைக்க வேண்டுமாம். மைசூர்பாகு, ரவா லட்டு, பாகற்காய் வறுவல். மூன்றையும் அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். மூன்றும் அத்தைக்குப் பிடித்தவை.

"வெள்ளரிக்கா ஊறப்போட்டு வெக்கணும் அத்தே. அதான் அவனுக்கு உசுரு" என்றேன்.

"வினிகர் ஊத்தி வெப்பீங்களே, அதுவா? அது ஊறுகாடி. துக்க வூட்ல ஒரு வருஷத்துக்கு ஊறுகா போடக் கூடாது. இதுகூடத் தெரியல. எட்டாவதோட நின்னா இப்டித்தான்."

அத்தை ஐந்தாவதே முடிக்கவில்லை. அன்றைக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை. இப்போது எழுதிவிட்டேன்.

ஊறுகாய் என்றால் வெயில் வேண்டும், எண்ணெய் வேண்டும், ஜாடி வேண்டும். இதற்கு ஒன்றும் வேண்டாம். அண்ணன் செல்போனில் பார்த்துக் கற்றுக்கொண்டது. முதல் தடவை அதில் காட்டிய மாதிரியே பாட்டிலை இறுக மூடிக் கொதிக்கிற தண்ணீரில் இறக்கினான். அப்படிச் செய்தால் ஒரு வருஷம் கெடாதாம். பாட்டில் வெடித்து அடுப்படி முழுக்கக் கண்ணாடி. அம்மா துடைப்பத்தோடு நின்றுகொண்டு, "நீ ஒரு வேளைக்கே மிச்சம் வெக்க மாட்ட. உனக்கு எதுக்குடா ஒரு வருஷம்?" என்றாள். அதோடு அந்தக் கொதிக்கவைக்கிற வேலையை விட்டுவிட்டான்.

நாங்கள் இரண்டு பேரும் ஆம்பூரில் ஒரே ஷூ கம்பெனியில் வேலை பார்த்தோம். நான் தையல் லைன், அவன் கட்டிங். தோலை விரலால் தடவியே கனம் சொல்வான். அந்தத் திமிரை வெள்ளரிக்காயிடமும் காட்டுவான். வட்டமாக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பான். கனமானதும் சாய்ந்ததும் "ரிஜெக்ட்" என்று என் வாயில் திணிக்கப்படும். மிச்சத்தில் உப்புப் பிசிறி, தண்ணீர் விட்டதும் பிழிவான். வினிகரும் தண்ணீரும் சரிபாதி, கொஞ்சம் சர்க்கரை, உப்பு, மிளகு, நசுக்கிய பூண்டு, கீறிய பச்சைமிளகாய். இதைச் சூடாக்கி மேலே ஊற்றினால் அவ்வளவுதான். அரை மணி நேரத்தில் சாப்பிடலாம். ஃப்ரிட்ஜில் நாலு நாள் தாங்கும் என்பான். எங்கள் வீட்டில் அது நாலு நாள் இருந்து யாரும் பார்த்ததில்லை.

தோஸ்த் ஒருவனின் கல்யாணத்துக்குப் போய்விட்டு வரும்போது, பள்ளிகொண்டா தாண்டி அண்ணன்மேல் லாரி ஏறிவிட்டது. இருபத்தாறு வயசு.

அத்தை சொன்னால் சொல்லட்டும் என்று, காரியத்துக்கு முந்தின நாளே ஒரு பாட்டில் ஊறப்போட்டு, ஃப்ரிட்ஜில் மாவுப் பாத்திரத்துக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். மறுநாள் இலை போட்டார்கள். கறிக்குழம்பு வந்தது, லட்டு வந்தது. அம்மாவின் அண்ணன், நாட்றம்பள்ளி மாமா, ஒரு குவார்ட்டரையும் கொண்டுவந்து வைத்தார். என் அண்ணன் குடிக்க மாட்டான். குடிக்காதவன் இலையில் குவார்ட்டர் வைக்கலாம், வெள்ளரிக்காய் வைக்கத்தான் சாஸ்திரம் இடம் கொடுக்கவில்லை.

கற்பூரம் ஏற்றும் நேரத்தில் நைசாக இலையில் வைத்துவிடலாம் என்று ஃப்ரிட்ஜைத் திறந்தேன். பாட்டில் இல்லை. பின்பக்கம் துணி துவைக்கிற கல்லில் மாமா உட்கார்ந்திருந்தார். கையில் டம்ளர், பக்கத்தில் என் பாட்டில், அதற்குள் ஒரே ஒரு மிளகாய்.

"நீ செஞ்சதா பாப்பா? சைடிஷ் சூப்பரு. காரம்தான் கொஞ்சம் கம்மி."

அந்தப் பதினாறு நாளில் நான் சத்தம் போட்டு அழுதது அப்போதுதான். காலி பாட்டிலுக்காக. கல்நெஞ்சக்காரி என்று அதுவரை பேசிக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம் ஒரே திருப்தி. முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்ச் சொன்னேன்.

"யாரும் கற்பூரம் ஏத்தாதீங்க. அரை மணி நேரம் ஆவும்."

"இன்னாடி பேஜார் பண்றே? எல்லாம் பசில நிக்குது. உங்கண்ணன் எலைக்குக் காத்துனு இருக்கான்" என்றாள் அத்தை.

"இதுக்குன்னா அவன் காத்துனுதான் இருப்பான்."

"ஊறுகா ஆவாதுன்னு சொல்றேன் இல்ல?"

மூலையில் படுத்திருந்த அம்மா எழுந்து உட்கார்ந்தாள்.

"எம் புள்ளைக்கு ஒண்ணும் அவசரம் இல்ல அண்ணி. அவ ஊறப்போடட்டும். அதுவரிக்கும் உங்க பாகக்காய எலைலருந்து எடுங்க. அவனுக்கு ஆவாது."

கூடையில் இரண்டு காய்தான் மிச்சம். வட்டமாக நறுக்கினேன். ஒரு துண்டு காகிதம் மாதிரி, அடுத்தது செருப்பு அட்டை மாதிரி. ஒவ்வொன்றையும் ஜன்னலில் தூக்கிப் பார்த்து, சரியில்லாததைத் தட்டில் ஒதுக்கினேன். வெளியே கறி வாசனையில் இருபது பேர் எச்சில் விழுங்கிக்கொண்டிருந்தார்கள். அத்தை நாலு தடவை எட்டிப் பார்த்தாள். "சும்மா ஊத்தி எடுத்துனு வாடி. அவனுக்கு இன்னா தெரியப் போவுது?" நான் ஊற்றிவிட்டுச் செல்போனில் நேரம் வைத்திருந்தேன். அரை மணி என்றால் அரை மணி.

இலையில் வைத்தேன். கற்பூரம் எரிந்தது. எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்து மதில்மேல் வைத்ததும் காக்கா வந்தது. கறித்துண்டைத் தூக்கிக்கொண்டு பறந்துவிட்டது. வெள்ளரிக்காயைத் தொடவே இல்லை.

"பாத்தியா?" என்றாள் அத்தை.

"கறி இருந்தா அவனும் அப்டித்தான் அத்தே."

பந்தி உட்கார்ந்ததும் நான் அடுப்படிக்கு வந்தேன். ஒதுக்கின தட்டு அங்கேயே இருந்தது. நல்லதைவிட அதுதான் ஜாஸ்தி. ஒவ்வொன்றாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். தண்ணீர் மொள்ள வந்த அத்தை பார்த்துவிட்டாள்.

"இன்னாடி, தனியா நின்னுனு தின்றே?"

"ரிஜெக்ட் அத்தே" என்றேன்.