திரியாய்க் காட்டுக்குள்ளே ஓடின நாள்

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது டவுனில், ஓர்ஸ் ஹில்லில் அப்பா அம்மாவோடு இருந்தனான். எனக்கு மரதன் ஓட்டப் பைத்தியம். ரோட்டில் ஓடி அலுத்துப்போய், ஒருநாள் குச்சவெளியில் பஸ்ஸை விட்டு இறங்கி, திரியாய்க்குப் போகிற காட்டுப் பாதையில் ஓடத் தொடங்கினேன்.

திரியாய் அப்பாவின் ஊர். காணிச் சண்டையில் கோபித்துக்கொண்டு வெளிக்கிட்டவர், பிறகு அந்தப் பக்கமே போகவில்லை, எங்களையும் விடவில்லை. அங்கே அவருக்கு ஒரு தங்கச்சி இருக்கிறா என்று மட்டும் தெரியும். உண்மையைச் சொன்னால், ஓட்டம் ஒரு சாட்டு. அந்த மாமியை ஒருக்கால் பார்க்கவேணும். வாசலிலேயே வைத்துத் துரத்திவிட்டா என்றால் என்ன செய்வது என்று வழி முழுக்க யோசித்துக்கொண்டே ஓடினேன்.

பாதி வழியில், பாதை நடுவே ஆனை லத்தி. ஆவி பறக்கக் கிடந்தது. ஐயோ கடவுளே! நிற்கவும் பயம், திரும்பவும் பயம். கண்மண் தெரியாமல் ஓடினேன்.

முன்னால் விறகுக் கட்டோடு இரண்டு பொம்பிளைகள். என்னைக் கண்டதும் விறகைப் போட்டுவிட்டு, "ஆனை! ஆனை!" என்று கத்திக்கொண்டு ஓடினார்கள். என் பின்னால் ஆனையைக் கண்டுவிட்டார்கள் என்று நினைத்து நான் இன்னும் விழுந்தடித்து ஓடினேன். பக்கத்தில் காடு வெட்டிப் பயிர் வைத்த சேனை, அதில் ஒரு காவல் பரண். இளையவ ஏறிவிட்டா. மூத்தவ ஏறாமல் நின்று, என்னைப் பிடித்துத் தூக்கி, "ஏறடா, நான் பிறகு வாறன்!" என்று தள்ளினா. அவவும் மேலே வந்து சேருமட்டும் என் உயிர் என்னிடம் இல்லை.

பார்த்தால், ஒன்றும் வரவில்லை.

"ஆனை எங்கையடா?"

"நீங்கள்தானே கண்டனீங்கள்?"

"நாங்கள் எங்க கண்டது? நீயெல்லோ ஓடி வந்தாய்! ஆனை துரத்தாமல் காட்டுக்குள்ள ஆர் ஓடுவான்?"

மரதனுக்குப் பழகுகிறேன் என்றேன். "உனக்கென்ன விசரோ? ஆற்ற மகன் நீ?" என்றா மூத்தவ.

அப்பாவின் பேரைச் சொன்னேன். அவவின் முகம் கறுத்துவிட்டது. "எங்களைப் பெத்த ஐயாவின்ர செத்தவீட்டுக்கும் வராத மனுசன்," என்றா. அப்போதுதான் இவதான் மாமி என்று விளங்கியது. ஆனைக்குப் பயந்ததை விட அந்த நேரம் கூடப் பயந்தனான்.

அவ இறங்கினா. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தா.

"இறங்கு, வீட்டை போவம். ஓடினியெண்டால் காலை முறிப்பன்."

சொந்தபந்தம் என்று யாரும் கதைத்தால், நான் ஆருடைய மகன் என்று கேட்க முதலே என்னை மேலே ஏற்றிவிட்டுக் கீழே நின்ற மாமியைத்தான் இன்றைக்கும் நினைக்கிறேன்.