ஒரு பஸ்ஸை நிரப்பாத குடும்பப் பெயர்

எட்டு வருடமாக என்னுடைய வேலை பெயர் கூப்பிடுவது. லண்டனில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் நான்காம் மாடியில், பரம்பரையாக வரும் நோய் வருத்தங்களைப் பார்க்கும் கிளினிக்கில் நான் ரிசெப்ஷனிஸ்ட். வருகிறவர்களுக்கு நாலைந்து நாளுக்கு முன்பே போன் எடுத்து நேரத்தை உறுதிப்படுத்துவேன். அவர்கள் வந்து நாற்காலிகளில் இருந்த பிறகு பட்டியலைப் பார்த்துக் குடும்பப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவேன். எழும்பி வருகிறவரின் முகத்தை அதிகம் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன். அங்கே வருகிறவர்களில் பாதிப்பேர் வருத்தக்காரரே இல்லை. தங்களுக்கு அது வருமா, வராதா என்று கேட்க வருகிறவர்கள்.

குடும்பப் பெயர் என்ற சாமான் எங்கள் ஆட்களிடம் கிடையாது. குரோய்டனில் அந்தப் பெரிய கட்டடத்தில் அகதி விண்ணப்பம் கொடுத்த அன்று அதிகாரி அதைக் கேட்டபோது நான் முழித்தேன். பிறகு அப்பாவின் பெயரைச் சொன்னேன். என் கணவர் தன் அப்பாவின் பெயரைச் சொன்னார். இங்கே பிறந்த எங்கள் மகளுக்குக் கணவரின் பெயரைப் பின்னால் போட்டோம். இப்போது ஒரே வீட்டில் மூன்று பேர், மூன்று குடும்பப் பெயர். தபால்காரர் ஒருமுறை நாங்கள் வாடகைக்கு அறைகள் விடுகிறோமா என்று கேட்டார்.

வெள்ளைக்காரரின் பெயர் அப்படியில்லை என்று எனக்குப் புரியவைத்தது ஒரு கிழவி. முதலில் தன் கணவரைக் கூட்டிக்கொண்டு வந்தா. மூன்று வருடம் கழித்து மூத்த மகனைக் கூட்டி வந்தா. அதற்குப் பிறகு இளையவனை. மூன்று முறையும் நான் ஒரே பெயரைத்தான் கூப்பிட்டேன். அந்தப் பெயரை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் யார் என்று தெரிந்துவிடும். அவ்வளவு அரிதான பெயர். வருத்தத்தின் பெயரையும் எழுதப் பிடிக்கவில்லை. நாற்பது வயதுக்கு மேல் எப்போதாவது கையில் தொடங்கும். பிறகு கால், பேச்சு, குணம் என்று ஒவ்வொன்றாகப் போகும். மருந்து இல்லை. தாய் தகப்பனில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி.

இளையவன் உள்ளே டாக்டருடன் இருந்த அன்று, கிழவி என் மேசைக்குப் பக்கத்தில் நின்று கதைத்தா. நான் கேட்கவில்லை. தானாகத்தான் சொன்னா.

"இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா, டியர்? கிழக்கே சதுப்பு நிலத்து ஓரமாக நாலைந்து வீடுகள் இருந்த ஒரு இடம். இடத்தின் பெயர்தான் ஆட்களுக்கும் பெயராகியது. இன்றைக்கு அங்கே வீடும் இல்லை, பாதையும் இல்லை, கிழங்கு வயல்தான். ஒரே ஒரு குடும்பம் அந்தப் பெயரோடு வெளியே வந்தது. இப்போது நாடு முழுக்கத் தேடிப் பிடித்தாலும் ஒரு பஸ்ஸின் கீழ்த்தட்டை நிரப்ப ஆள் வராது. இந்தப் பெயரோடு யாரைக் கண்டாலும் எங்கள் சொந்தம்தான்."

பிறகு தன் கையுறையைக் கழற்றுவதும் போடுவதுமாக நின்றா. "கல்யாணத்துக்கு முன் எனக்கு இருந்தது வகுப்புக்கு மூன்று பேரிடம் இருக்கும் பெயர். இந்தப் பெயர் வேறு யாருக்கும் கிடையாது என்று அவர் சொன்னபோது எனக்கு எவ்வளவு பெருமை!"

கணவருக்கு ஒரு தம்பி இருந்தாராம். தங்கள் அப்பாவுக்கு வந்தது என்ன என்று தெரிந்த நாளில் வீட்டில் சண்டை பிடித்துக்கொண்டு போனவர், பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. தெற்கு லண்டனில் எங்கேயோ இருக்கிறார், ஒரு மகன் இருக்கிறான் என்று கேள்வி. "அந்தப் பிள்ளைக்கு யாராவது சொன்னார்களோ தெரியாது" என்றா.

அடுத்த வருடம் என் பட்டியலில் அந்தக் குடும்பப் பெயர் திரும்பவும் வந்தது. ஆள் இளைஞன். போன் எடுத்தேன். வருகிறேன் என்றான், வரவில்லை. இரண்டாம் முறையும் அப்படித்தான். மூன்றாம் முறை கொஞ்சம் பேச்சுக் கொடுத்தேன். பயந்து தயங்குகிறவர்களிடம் நான் ஆங்கிலத்தில் வழமையாகச் சொல்லும் ஒரு வசனம் இருக்கிறது: "ஆறுதலாக, மகனே, ஆறுதலாக. நான் எங்கேயும் போகவில்லை." அதைச் சொன்னேன். லேசாகச் சிரித்தான். கட்டாயம் வருகிறேன் என்றான். அன்றும் அந்த நாற்காலி காலியாகவே இருந்தது. மூன்று முறை வராவிட்டால் கோப்பை மூடிவிட வேண்டும். மூடினேன்.

இனி என் மகளின் கதை. இருபத்தேழு வயது, பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறாள். இரண்டு வருடமாக ஒரு ஆங்கிலேயப் பையனுடன் பழகுகிறேன், கலியாணம் கட்டப் போகிறோம் என்றாள். கூட்டிக்கொண்டு வா என்றேன். நான் வேறு ஒன்றும் விசாரிக்கவில்லை. எங்கள் ஆட்கள் பெண் கொடுக்கும்போது விசாரிக்கிற விசாரிப்பு எனக்குக் கண்ணில் காட்டக்கூடாது. ஆருடைய ஆக்கள், எந்தப் பகுதி, வீட்டில் ஏதும் வருத்தம் உண்டோ என்று தோண்டித் துருவுவார்கள். என் அக்காவைத் தின்றது அதுதான். எங்கள் மாமா ஒருவருக்கு வலிப்பு. அக்காவுக்கு மூன்று சம்பந்தம் வந்து மூன்றும் அதனால் குழம்பியது. கடைசியாகப் பார்க்க வந்த மாப்பிள்ளையின் தாய், யாரோ காதில் ஓதியதும், குடித்த தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பிப் போனா. அக்கா இன்றைக்கும் தனிக்கட்டை. அந்தத் தேத்தண்ணிக் கோப்பையை வைத்த மனுசியை நான் நாற்பது வருடமாகத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு சனிக்கிழமை காலை கதவில் பார்சல் வந்தது. பையன் மகளுக்காக ஏதோ ஓடர் பண்ணி, எங்கள் விலாசத்தில் தன் பெயரைப் போட்டிருந்தான். மகள் அவனைக் கூப்பிடும் பெயர் முன்னால் இருந்தது. பின்னால் அந்தக் குடும்பப் பெயர் இருந்தது.

பார்சலை மடியில் வைத்துக்கொண்டு படியில் இருந்துவிட்டேன். கோப்பில் இருந்த முதல் பெயர் வேறு. ஆனால் வீட்டில் ஒரு பெயரும் பத்திரத்தில் ஒரு பெயருமாக இருப்பது வெள்ளைக்காரரிடமும் உண்டு. கீழ்த்தட்டு நிரம்பாத அந்தப் பஸ்ஸில் இருந்து ஒருவன் இறங்கி என் வீட்டுக்கு வருகிறான். அது மட்டும் நிச்சயம்.

திங்கட்கிழமை கிளினிக்கில் கம்ப்யூட்டரைத் திறந்து அந்தப் பெயரின் முதல் இரண்டு எழுத்தைத் தட்டினேன். பிறகு அழித்தேன். சொந்தக் காரியத்துக்குக் கோப்பைத் திறந்தால் வேலை போகும். அதைவிட, திறந்து பார்த்தாலும் மகளிடம் ஒரு சொல் சொல்ல எனக்கு உரிமை இல்லை. வீட்டுக்கு வந்து சமைக்காமல் இருந்தேன்.

"பெடியன் படத்திலை நல்லவன் போலத்தானே கிடக்கு. உமக்கு இப்ப என்ன பிரச்சினை?" என்று கணவர் கேட்டார்.

"ஒண்டுமில்லை. தலையிடி."

அடுத்த ஞாயிறு மத்தியானம் பையன் சாப்பிட வந்தான். கணவர் ஷிப்டில் இருந்தார். முப்பது வயது, மெலிந்த உடம்பு, கூச்சச் சுபாவம். கதவில் என்னைக் கண்டதும் தானாகச் சப்பாத்தைக் கழற்றினான். எனக்கு அவனைப் பிடித்துப்போனது, அதுதான் கோபமாக வந்தது. புட்டும் நண்டுக் கறியும் வைத்தேன். மகள் அவனுக்குக் கையால் சாப்பிடக் காட்டிக் கொடுத்தாள். நான் அவனுடைய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு என்னால் அடக்க முடியவில்லை. "உங்கள் தாத்தா எதனால் இறந்தார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

"அம்மா! இதென்ன இன்டர்வியூவோ?" என்று மகள் கத்தினாள். "நீங்களே இப்பிடிக் கேக்கிறீங்கள்?"

"பரவாயில்லை" என்றான் அவன். "விபத்து என்று அப்பா சொன்னார்." சொல்லிவிட்டு நண்டுக்காலை உடைக்கப் பார்த்தான். அது வழுக்கி மேசையில் விழுந்தது. காது சிவந்துபோய்த் திரும்ப எடுத்தான். பாவமாக இருந்தது. என்னை அறியாமல் வாய் திறந்தது. "ஆறுதலாக, மகனே, ஆறுதலாக. நான் எங்கேயும் போகவில்லை."

அவனுடைய கை அப்படியே நின்றது. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். எந்தக் கோப்பையும் நான் திறக்கத் தேவையில்லாமல் போனது.

கறி உறைப்பு, தயிர் முடிந்துவிட்டது என்று மகள் மூலைக் கடைக்கு ஓடினாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"போனில் பேசியது நீங்கள்தான்" என்றான்.

நான் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

"அவளுக்குத் தெரியுமா?"

"என் வாயால் வராது. அது என் வேலை."

"நீங்கள் சொல்லிவிட்டால் எனக்கு லேசாக இருக்கும்."

"எனக்கும்தான்" என்றேன்.

அவன் கையைத் துடைத்தான். ஒவ்வொரு விரலாக மெதுவாகத் துடைத்தான். "அப்பாவுக்குக் கை ஆடத் தொடங்கிவிட்டது. குளிர் என்கிறார். ஜூலை மாதத்திலும் குளிர் என்கிறார். எனக்குப் பாதிக்குப் பாதி என்று தெரியும். தெரிந்துகொள்ளாத வரைக்கும் அந்த நல்ல பாதி என்னிடம் இருக்கிறது." பிறகு கேட்டான்: "சொன்னால் அவள் போய்விடுவாள், இல்லையா?"

போகட்டும் என்றுதான் நினைத்தேன். இதை மறைத்து எழுதுவதில் பயனில்லை. இவன் எழும்பிச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு இப்போதே போய்விட வேண்டும், என் பிள்ளை தப்ப வேண்டும் என்று நெஞ்சு அடித்தது. என் முன்னால் பாதி குடித்த தேத்தண்ணிக் கோப்பை இருந்தது. அதை நான் எப்போது கீழே வைத்தேன் என்று தெரியவில்லை. அக்காவைப் பார்க்க வந்த அந்த மனுசியின் முகம் அன்று எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரிந்தது. வெட்கமாக இருந்தது. ஆனாலும் அந்த நினைப்பு போகவில்லை.

"கலியாண எழுத்துக்கு முதல் அவளிடம் சொல்லிவிடும்" என்றேன். "நீர்தான் சொல்ல வேண்டும்." தலையாட்டினான். மகள் தயிரோடு வந்து, என்ன இருவரும் இவ்வளவு சீரியஸ் என்று கேட்டாள். நண்டு உடைக்கப் படிக்கிறேன் என்றான்.

அதற்குப் பிறகு வந்த வாரங்களில் எனக்குக் கிழமையும் தெரியாமல் போனது. அவன் சொன்னானா, இல்லையா? மகளின் முகத்தைப் பார்த்துப் பார்த்துக் கண் நொந்தது. கேட்கவும் ஏலாது. கேட்டாலே சொன்ன மாதிரி. வெள்ளிக்கிழமை வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலுக்குப் போய் அர்ச்சனைக்கு மகளின் பெயரையும் நட்சத்திரத்தையும் கொடுத்தேன். அவனுடைய பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. ஐயர் அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

ஊரில் இருந்து அக்கா வாட்ஸப்பில் அவனுடைய படத்தைப் பார்த்தா. ஒன்றும் விசாரிக்கவில்லை. "நல்லாச் சாப்பிடுறாரோ?" என்று மட்டும் கேட்டா.

ஒருநாள் மகள் குசினியில் லாப்டொப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, கலியாணத்துக்குப் பிறகு பெயர் மாற்றும் படிவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா, இந்தப் பேர் இருக்கிற ஆக்கள் எத்தினை பேர் எண்டு நெட்டிலை பாத்தன். ஒரு பஸ்ஸுக்கும் காணாது. நான் போனால் ஒண்டு கூடும்."

"உனக்கு அப்பான்ரை பேர் இருக்குத்தானே. அது போதாதே?"

"எனக்கு இந்தப் பேர் வேணும்" என்றாள். சிரித்துக்கொண்டு சொல்லவில்லை. கிழவியின் கையுறை ஞாபகம் வந்து நான் குழாயைத் திறந்து பாத்திரம் கழுவத் தொடங்கினேன். அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று முடிவுகட்டி, அன்று அழுதேன்.

போன வியாழன் அடுத்த வாரப் பட்டியல் வந்தது. திங்கட்கிழமை பத்தரைக்கு அந்தக் குடும்பப் பெயர். முதல் பெயர் கோப்பில் இருந்த அதே பெயர். மூடிய கோப்பை அவனே திரும்பத் திறப்பித்திருக்கிறான். நியாயப்படி அந்தப் பக்கத்தைப் பக்கத்து மேசைப் பெண்ணிடம் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. நம்பரை அழுத்தினேன்.

இரண்டு தரம் மணி அடித்ததும் எடுத்தது மகள்.

எட்டு வருடத்தில் முதல் தடவையாக எனக்கு என் வேலை மறந்துபோனது. ஆஸ்பத்திரி நம்பரை அவளுக்குத் தெரியும்.

"அம்மா" என்றாள். "எனக்குத் தெரியும். சாப்பிட வந்த அண்டைக்குப் பின்னேரமே சொல்லிப்போட்டார். ரயிலிலை."

அப்படியென்றால் படிவத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அன்று அவளுக்குத் தெரியும். ஒண்டு கூடும் என்று சொன்ன அன்று எல்லாம் தெரியும்.

"பிள்ளை..." என்றேன்.

"அம்மா, அழாதேங்கோ, பக்கத்திலை ஆக்கள் இருப்பினம். டைம் மட்டும் சொல்லுங்கோ."

"பத்தரை."

"நீங்கள்தானே கூப்பிடுவீங்கள்?"

"ஓம்."

"அந்தப் பேரைச் சத்தமாக் கூப்பிடுங்கோ அம்மா. அவருக்குக் கால் வராட்டிலும், நான் எழும்புவன்."

போனை வைத்தேன். பட்டியலில் அந்தப் பெயருக்கு எதிரே, எத்தனை பேர் வருகிறார்கள் என்ற கட்டத்தில் இரண்டு என்று எழுதினேன்.