நான் சொன்ன தரிசனத்தைத் திரும்பப் பெறுகிறேன்

அன்பான விசுவாசிகளே, போன ஜூலை மாதம் நம் சபையில் எழுந்து நின்று நான் ஒரு சாட்சி சொன்னேன். பலர் அழுதீர்கள். அந்தச் சாட்சி தவறு. ஆண்டவர் எனக்கு உண்மையில் செய்த உதவி வேறு. அதைச் சொல்லாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டுகிறவன் நான். வயது ஐம்பத்தெட்டு. பதினோரு வருஷமாகச் சர்க்கரை. ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஊரில் கூட்டம் சேரத் தொடங்கிய அந்தச் செவ்வாய்க்கிழமை, இடது விலாவில் எரிச்சல் எடுத்தது. மறுநாள் வரிசையாகக் கொப்புளம். சட்டை பட்டாலே உயிர் போனது. உட்கார முடியாது, படுக்க முடியாது, தறிப்பக்கம் நிற்கவும் முடியாது. பக்கத்துத் தறிக்காரர் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இது அக்கில்லா. குயவர்ட்ட போயி கொப்புளத்து மேல காவியில எழுதிட்டு வாங்க, எறங்கிரும்" என்றார். "நான் விசுவாசி வே, அதெல்லாம் எனக்கு ஆகாது" என்று முறுக்கிக்கொண்டு டாக்டரிடம் போனேன். அதுவரை சரிதான்.

டாக்டரும் அக்கி என்றுதான் சொன்னார். ஹெர்பிஸ் வகைக் கிருமியாம். சின்ன வயதில் வந்த அம்மை உடம்புக்குள் ஒளிந்திருந்து இப்போது எழும்பியிருக்கிறதாம். அசைக்ளோவிர் மாத்திரை, ஒரு நாளைக்கு ஐந்து வேளை, ஏழு நாள். "தண்ணி நிறைய குடிக்கணும். கிட்னியில எதுவும் குறை உண்டா?" என்று கேட்டார். இல்லை என்றேன். மூன்று மாதத்துக்கு முந்தைய இரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் என்கிற கிட்னி உப்பு கூடியிருந்தது எனக்குத் தெரியும். என் மனைவி கிரேஸிடம்கூட அதைச் சொல்லவில்லை. வாயால் சொன்னால் வியாதி உறுதியாகிவிடும் என்று பயம்.

வெள்ளிக்கிழமை சபையில் மூன்று நாள் உபவாச ஜெபம் தொடங்கியது. வலி தாங்காமல் நானும் சேர்ந்தேன். சாதாரண உபவாசமா? பச்சைத் தண்ணீர் பல்லில் படக் கூடாது என்று வைராக்கியம். சர்க்கரை மாத்திரையை நிறுத்தினேன். அக்கி மாத்திரையை மட்டும் ஒரு மடக்குத் தண்ணீரில் ஐந்து வேளையும் விழுங்கினேன். சனிக்கிழமை குமட்டியது, கை நடுங்கியது. ஆவியானவர் அசைவாடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிறு ஆராதனையில் சுவரெங்கும் வெள்ளை உடுத்தவர்கள் நிற்கிறதைக் கண்டேன். ஒருவர் என்னைப் பெயர் சொல்லி அழைத்தார். எழுந்து அதைச் சொன்னேன். சபையே ஸ்தோத்திரம் என்று முழங்கியது. போதகரும் கண் கலங்கினார்.

இதற்குப் பிறகு நடந்தது கிரேஸ் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவள் பெண்கள் பக்கமிருந்து எழுந்து வந்து என் கையைப் பிடித்திருக்கிறாள். நான் அவளை, செத்துப்போன என் அக்கா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேனாம்.

"யாரைக் கூப்பிடுதீங்க? நான் கிரேஸுல்லா!"

"ஆவிக்குள்ள இருக்காரு, தொடாதீங்க" என்று சுற்றியிருந்தவர்கள் தடுத்திருக்கிறார்கள். அவள் அங்கேயே முழங்காலில் விழுந்து, "ஆண்டவரே, இது உம்ம காரியமா, நோயா? எனக்குத் தெரியல. யாரையாவது அனுப்பும்" என்று கதறியிருக்கிறாள்.

அந்த நேரம் ரூபி வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்க்கிற நம் சபைத் தங்கச்சி. எனக்கு அந்த மாத்திரையை எடுத்துக் கொடுத்ததும் அவள்தான். அன்றைக்கு ஆராதனைக்குப் பிந்திவிட்டாள். கதறலைக் கேட்டு நேரே கிரேஸிடம் ஓடி வந்திருக்கிறாள்.

"அண்ணாச்சி தண்ணி குடிக்காராக்கா?"

"மூணு நாளா உபவாசம்லா."

"ஐயையோ! ஒண்ணுக்குப் போனாரா?"

"நேத்து மத்தியானத்துக்குப் பொறவு போகல."

"தண்ணி இல்லாம இந்த மாத்திரையப் போட்டா கிட்னில தங்கிரும்க்கா, புத்தியும் தடுமாறும். இப்பவே கெளம்புங்க. மாத்திரையையும் சீட்டையும் எடுத்துக்கோங்க."

தபசுக் கூட்டத்தில் ஆட்டோ நகரவில்லை. நெற்றி நிறையத் திருநீறு பூசியவர்கள் முன்னால் ஓடி, "ஏலே, ஆளு சீரியஸு, வழி விடுங்கல" என்று விலக்கிவிட்டார்கள். திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் மாத்திரையை நிறுத்தி, டிரிப் ஏற்றினார்கள். டயாலிசிஸ் வேண்டியிருக்கலாம் என்றார்கள். கிரேஸ் நாற்காலியில்கூட உட்காராமல் ஜெபித்தாள். மூன்றாம் நாள் புத்தி தெளிந்தது. சிறுநீரும் பிரிந்தது. டயாலிசிஸ் தேவைப்படவில்லை.

மருந்தை நான் குறை சொல்லவில்லை. பலருக்கு அதன் பக்கவிளைவு தலைவலி, குமட்டலோடு போய்விடுமாம். உப்பை மறைத்து, தண்ணீரையும் நிறுத்தியவன் நான். அழுதுகொண்டே கிரேஸிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். "என்கிட்ட மறைச்சீங்க, சரி. ஆண்டவர்கிட்டயும் மறைச்சா ஜெபம் பண்ணுனீங்க?" என்று கேட்டாள்.

இப்போது என் ரிப்போர்ட் எல்லாம் அவள் கையில். டாக்டரைக் கேட்காமல் உபவாசம் இல்லை. விலாவில் எரிச்சல் இன்னும் விட்டு விட்டு வருகிறது. "தரிசனத்தை மறுதலிக்கலாமா அண்ணாச்சி?" என்று சிலர் வருத்தப்படுகிறீர்கள். எனக்கும் வருத்தம்தான். அவ்வளவு அழகு அது. மனம் இன்னும் தேடுகிறது. ஆனாலும் என் அருமையானவர்களே, அந்த வெள்ளை உடுத்தவர்களில் ஒருவர்கூட எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் தரவில்லை. ஆண்டவர் அனுப்பியது ரூபியை. நீங்களும் அவரை நம்பிக் கேளுங்கள், நிச்சயம் பதில் வரும். வருகிறவர் ஆராதனைக்குப் பிந்தி வந்தவராக இருந்தாலும் வழி விடுங்கள்.