பின்னேர ஃபெரி

கரிபியன் எப்படி இருந்தது என்று இனி யாராவது என்னிடம் கேட்டால் வாயில் வந்ததைச் சொல்லிவிடுவேன். கேட்கிறவர்கள் எல்லோரும் என் அக்காவின் செத்தவீட்டுக்குப் போய்வந்தவர்கள். நான்தான் போகவில்லை. கூடப்பிறந்தவள் மொன்றியலில், பியர்பொன்ட்ஸில் செத்துப்போன அன்று நான் தொப்பி போட்டுக்கொண்டு ஒரு சின்னத் தீவைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளை எரித்து முடிக்கும் வரைக்கும் எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. பயணத்தில் இருக்கிற ஆளுக்குச் சாவுச் செய்தி சொல்லக்கூடாதாம். மொன்றியலுக்கு வந்து பிள்ளைகள் பிரெஞ்சில் கனாக் காண்கிற காலத்திலும் எங்கள் ஆட்கள் இந்த ஒன்றை மட்டும் விடமாட்டார்கள்.

என் கணவருக்குச் சென்ட் லோரன்ட்டில் விமான உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலையில் வேலை. அங்கே அவரோடு பல காலம் வேலை செய்து ஓய்வு பெற்ற கியூபெக்காரர் ஒருவர், குளிர்காலத்தைக் கரிபியனில் குவாதலூப் தீவுப் பக்கம் தன் பாய்க்கப்பலில் கழிக்கிறவர். ஒரு கிழமை வந்து நில்லுங்கள் என்று வருடா வருடம் கேட்பார். இவர் சிரித்து மழுப்பிவிடுவார். இந்த முறை பிடரியில் பிடித்துத் தள்ளாத குறையாக எங்களை அனுப்பி வைத்தவள் அக்காதான். "போடி, போய்ப் பார். ஒவ்வொரு நாளும் எனக்குப் படம் அனுப்போணும், சொல்லிப்போட்டன்" என்றாள்.

பாய்க்கப்பல் என்றால் மேல்தளத்தில் காலை நீட்டிப் படுத்திருக்கலாம் என்று நினைத்துத்தான் போனேன். உள்ளே எங்கள் வீட்டுக் குசினியை விடச் சின்ன இடத்தில் மூன்று பேர். நிமிர்ந்தால் தலை இடிக்கும். கக்கூசுக்குப் போனால் கையால் பம்ப் அடித்துவிட்டுத்தான் வெளியே வரலாம். முதல் இரண்டு நாளும் சத்தி எடுத்தே களைத்துப்போனேன். அந்தக் கோலத்தில் ஒரு படம் எடுத்து அனுப்பினேன். அக்காவுக்கு எழுதிப் பதில் போடுகிற பழக்கம் கிடையாது, குரல்தான் அனுப்புவாள். "என்னடி, லொறியில ஏத்தின ஆடு மாதிரி நிக்கிறாய்" என்று சொல்லிவிட்டு, தன் பகிடிக்குத் தானே விழுந்து விழுந்து சிரித்தாள். நான் கேட்ட அவளுடைய கடைசிக் குரல் அதுதான்.

வியாழக்கிழமை காலை அந்தச் சின்னத் தீவுக்கு முன்னால் நங்கூரம் போட்டிருந்தோம். நான் கீழே சீப்பால் தலை இழுத்துக்கொண்டிருந்தேன். மேலே இவருடைய ஃபோன் அடித்தது. கனநேரம் ஒருவரோடு கதைத்தார், பிறகு கப்பல்காரரோடு பிரெஞ்சில் ஏதோ தாழ்ந்த குரலில் கதைத்தார். இறங்கி வந்து, "வெளிக்கிடும், இண்டைக்கு முழுத் தீவையும் சுத்திப் பாப்பம்" என்றார்.

எனக்கு ஆச்சரியம். கடைக்குப் போனால் வாசலுக்குக் கிட்ட இடம் கிடைக்கும் வரைக்கும் காரை வட்டமடிக்கிற மனிதர் இவர். நாலு அடி நடக்கச் சொன்னால் முழங்காலைத் தடவுவார். கடற்காற்று மனுசனைத் திருத்திப்போட்டுது என்று அக்காவுக்கு எழுதினேன். அவளிடமிருந்து பதில் இல்லை.

கப்பல்காரர் ரப்பர் தோணியில் எங்களை இறங்குதுறைக்குக் கொண்டுபோய் விட்டார். விட்டதும் என்னைப் பார்த்து, "மதாம், பின்னேரம் ஒரு ஃபெரி பெரிய தீவுக்குப் போகிறது. அங்கிருந்து நாளைக்கு மொன்றியலுக்கு விமானம் இருக்கிறது" என்று பிரெஞ்சில் சொன்னார். சும்மா ஒரு தகவல் என்று எடுத்துக்கொண்டேன். தோணிக் கயிற்றை அவிழ்க்கும்போது மறுபடியும் அதையே சொன்னார். இவர் குறுக்கே விழுந்து, "சரி, சரி, மெர்சி" என்று சொல்லி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. நான் எடுத்த சத்தியில் மனுசனுக்கு எங்களைப் போதும் போதும் என்றாகிவிட்டது, நாசூக்காகப் போகச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவருக்கு ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை.

தீவு வடிவான தீவுதான், இல்லையென்று சொல்லமாட்டேன். சிவப்புத் தகரக் கூரைகள், தெரு நடுவே படுத்திருக்கிற ஆடுகள், மதில்களில் வெயில் காய்கிற உடும்பு போன்ற பச்சைப் பிராணிகள். ஒரு பெண் மரவாளியின் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றித் தேங்காய்ப்பால் ஐஸ்கிறீம் செய்து விற்றாள். வாயில் வைத்ததும் அக்காவை நினைத்தேன், தேங்காய்ப்பால் என்றால் அவளுக்கு உயிர். படம் எடுத்து அனுப்பினேன். அதற்கும் பதில் இல்லை. தன்னையும் கூட்டிக்கொண்டு போகவில்லை என்று ராங்கி பிடித்துவிட்டாளாக்கும் என்று எனக்கு எரிச்சல் வந்தது. இவருடைய ஐஸ்கிறீம் கையிலேயே உருகி முழங்கை வரை வழிந்தது.

மலை உச்சியில் ஒரு பழைய கோட்டை இருந்தது. ஏறிப் போய்ச் சேர்ந்தால், மத்தியானத்தோடு பூட்டிவிடுவார்களாம். நான் அங்கேயே குந்திவிட்டேன். புதுச் செருப்பு குதிக்காலைக் கடித்துத் தோல் உரிந்திருந்தது. இறங்கிப் போவோம், துறைக்குப் பக்கத்தில் கடைகள் இருக்கின்றன, நாலு சாமான் வாங்குவோம் என்றேன்.

"கடை எங்கை ஓடப்போகுது? அங்காலை ஒரு கடற்கரை இருக்காம், அதையும் பாத்திட்டுப் பேந்து போவம்."

"எனக்குக் காலேலாது."

"மெல்ல மெல்ல நடவும்."

தீவின் மறுகரைக்கு என்னை நடத்திக்கொண்டு போனார். அங்கே கல்லும் பாசியும் தவிர ஒன்றுமில்லை. கடலைப் பார்க்காமல் மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி வரும் வழியில் பூட்டிய கோட்டைக்கு மறுபடி ஏற்றினார். ஏனென்று கேட்டதற்கு, காற்று நல்லாய் வருகிறது என்றார். இந்த மனிதருக்கு மண்டையில் வெயில் அடித்துவிட்டது என்றே முடிவு கட்டினேன்.

அப்போது கீழே ஃபெரி ஊதியது. வெள்ளையாய், துறையை விட்டு மெல்லத் திரும்பி வெளியே போனது. இவர் நீளமாக மூச்சை விட்டு என் பக்கத்தில் கல்லில் குந்தி என் கையைப் பிடித்தார். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து நாலு பேர் பார்க்க என் கையைப் பிடித்து இருந்தவர் இல்லை அவர். எனக்குக் கால் நோவும் எரிச்சலும் பறந்துவிட்டன. மற்றக் கையால் ஃபெரியை ஒரு படம் எடுத்தேன். ஒன்றும் எழுதாமல் அக்காவுக்கு அனுப்பினேன்.

அதற்கு மட்டும் பதில் வந்தது. ஒரு சிவப்பு இதயம்.

ஞாயிற்றுக்கிழமை மொன்றியலில் இறங்கியபோது என் அண்ணை விமான நிலையத்தில் நின்றார். ஒரு நாளும் வராதவர். காரைச் சென்ட் லோரன்ட்டில் எங்கள் வீட்டுக்கு விடாமல் பியர்பொன்ட்ஸில் அக்கா வீட்டுக்கு விட்டார். அக்கா சமைத்து வைத்திருக்கிறாளாக்கும் என்று சந்தோசப்பட்டேன். பூப்போட்ட சட்டையும் வெயிலில் கறுத்த முகமும் அவளுக்கு வாங்கிய தேங்காய்ப் பலகாரப் பையுமாக உள்ளே போனேன். கூடத்தில் அவளுடைய படத்துக்கு மாலை போட்டிருந்தது. முன்னால் விளக்கு எரிந்தது. பெண்கள் எழும்பி வந்து என்னைக் கட்டிப் பிடித்துக் குழறி அழுதார்கள். வியாழன் விடிய நெஞ்சு நோவாம், சனிக்கிழமை எல்லாம் முடிந்ததாம்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"நடுக்கடலிலை நிக்கிற ஆளுக்கு என்னெண்டு சொல்லுறது?" என்றார் அண்ணை.

"நான் கடலிலை நிக்கேல்லை. தரையிலை நிண்டனான். ஃபெரி இருந்தது, பிளேன் இருந்தது. வெள்ளிக்கிழமை வந்திருப்பன். அதுதான் ஏலாதெண்டால் திங்கட்கிழமைக்கு வைச்சிருக்கலாம்தானே?"

"திங்கட்கிழமை ஆர் வருவினம்? எல்லாரும் வேலைக்குப் போற சனம். சனிக்கிழமைதான் செத்தவீட்டு ஹோலும் கிடைச்சது. எட்டுச் செலவுக்கு வந்து சேந்திட்டாய்தானே."

எட்டுச் செலவு என்பது எட்டாம் நாள் சடங்கு. செத்தவளின் படத்துக்குச் சோறு படைப்பது. முகத்தைப் பார்க்க வேண்டியவளுக்குப் படம் போதுமாம். ஊரில் உள்ள எல்லோருடைய லீவையும் பார்த்துப் பார்த்து நாள் வைத்திருக்கிறார்கள், என்னுடைய லீவு ஒன்றுதான் யாருடைய கணக்கிலும் வரவில்லை.

இவரோடு நான் சண்டை பிடிக்கவில்லை. அண்ணையின் காரை இவர் ஓட்டி வீடு திரும்பும்போது ஒரு கேள்வி கேட்டேன். "அந்தத் தீவு முழுக்க என்னை நடத்தினது அந்த ஃபெரி போகும் வரைக்குமோ?"

"ஓம்" என்றார். "கப்பல்காரன் சொல்லச் சொல்லி என்னோடை சண்டைபிடிச்சவன். இது எங்கட குடும்ப விசயம் எண்டு சொல்லிப்போட்டன். நீர் தனிய அழுதழுது எப்பிடிப் போவீர்?"

"அழுதழுதுதான் போயிருப்பன். அதுக்கென்ன?"

அவர் வீதியையே பார்த்து ஓட்டினார். என் நன்மைக்காம். எல்லோரும் அதையேதான் சொல்கிறார்கள், கோபப்படுவதற்கு ஒரு கெட்டவன்கூட எனக்குக் கிடைக்கவில்லை.

எனக்கு மிஞ்சியிருந்தது அந்த இதயம். செத்தவளின் ஃபோனிலிருந்து எனக்கு விளையாட்டுக் காட்டியது யார் என்று தெரிய வேண்டும். எட்டுச் செலவன்று பாத்திரம் கழுவிக்கொண்டு நின்ற என் பெறாமகளிடம், அக்காவின் மகளிடம் போனேன். இருபத்திரண்டு வயதுப் பெண். கேட்ட விதத்தில் என் குரலே எனக்குப் பயமாக இருந்தது. இதுவும் அண்ணை சொல்லித்தான் செய்தாயா என்றேன்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு, தாயின் ஃபோனை எடுத்துத் திறந்து அந்தப் படத்தை என்னிடம் காட்டினாள்.

"ஒருத்தரும் சொல்லிச் செய்யேல்லை, சின்னம்மா. உங்களுக்கு மறைச்சதும் எனக்குத் தெரியாது. அம்மாவுக்கு எந்தச் சீலை உடுத்திறதெண்டு தெரியாமல் அலுமாரியைத் திறந்து வைச்சுக்கொண்டு நிண்டனான். அப்பதான் இந்தப் படம் வந்தது. நீங்கள் கப்பல் ஏறிட்டியள், வந்துகொண்டிருக்கிறியள் எண்டு நினைச்சன்."