சத்தம் போடாத பவர் சப்ளை

1998 மே 14, வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். அனல் வெயில், கடற்காற்று இன்னும் வரவில்லை. தி. நகர் கடையில் என் குட்டிக் கம்ப்யூட்டருக்குள் பொருந்தக்கூடிய, இரைச்சலில்லாத பவர் சப்ளை ஒன்றே ஒன்று மிச்சமிருந்தது.

நாற்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் என் கண்ணெதிரே அதை எடுத்தார். ஒரு காதின் ஜிமிக்கியைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, கடைக்காரர் ஓடவிட்டுக் காட்டிய அந்தப் பெட்டியில் காதை வைத்துக் கேட்டார். கடையில் எல்லாப் பெட்டிக்கும் அப்படித்தான் செய்திருந்தார்.

"ஒண்ணுதான் கீது. யாருக்கு பில்லு?" என்றார் கடைக்காரர்.

நான் பாய்ந்து பெட்டியைப் பற்றினேன். "எனக்கு! ஆத்துக்காரி ஆபரேஷனாகி கம்ப்யூட்டர் இருக்கற ரூம்லதான் படுத்துண்டிருக்கா. சத்தம் கேட்டா தூங்கமாட்டா."

"உங்காத்துல ஏசி உண்டா மாமா?" என்றார் அந்த அம்மாள்.

"ஃபேன்தான்."

"அப்போ வேண்டாம். இதோட காத்தாடி மெதுவா சுத்தறது. இந்த வெயில்ல சூடேறிப் புகைஞ்சுடும். எங்காத்துல ஏசி இருக்கு."

கடைக்காரரைப் பார்த்தேன். அவர் பில் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். புகை என்ற சொல்லே போதும்; கையை எடுத்துவிட்டேன்.

அந்த அம்மாள் என்னைக் காப்பாற்றினாரா, ஏமாற்றினாரா என்று இன்றுவரை விளங்கவில்லை. நான் வாங்கிய இரைச்சல் பெட்டி அறுநூற்று எண்பது ரூபாய், மனைவியின் காதுக்குப் பஞ்சு மூன்று ரூபாய். ஆக, அறுநூற்று எண்பத்து மூன்று.