எஸ்டேட் குழுவில் போன ஹோம்வொர்க்

சர்ச் ஹாலில் ஞாயிறுதோறும் நான் நடத்தும் இங்கிலீஷ் வகுப்புக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் காப்பி எஸ்டேட்டில் வேலை செய்யும் பெண்கள். என் சொந்த வேலை ஏற்காட்டு லாட்ஜுகளில் கேமராவும் வைஃபையும் மாட்டுவது. படித்ததும் அதற்கான டிப்ளமோதான். வாரம் ஒரு நாள் பேசினால் போதாது என்று வாட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கி, மூன்று விதிகள் போட்டேன். தினமும் மாலை ஒரு பாடம் வரும். எழுதக் கூடாது, வாய்ஸில்தான் பதில். யாரையும் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாது.

கிளியூரிலிருந்து வரும் அக்கா ஒருவர் இரண்டாம் விதிக்கு மட்டும் கட்டுப்படவில்லை. பிளஸ் டூ படித்தவர். பிழையில்லாமல் எழுதி அனுப்புவார். குரல் வராது.

"பேசுங்கக்கா" என்றால், "ஊட்ல எல்லாரும் இருக்காங்க மிஸ். நொம்பக் கூச்சமா இருக்குதுங்க" என்பார்.

நான் வேலைக்குப் போன ஒரு லாட்ஜில் வரவேற்பில் உட்கார ஆள் தேடினார்கள். அக்காவைப் பற்றிச் சொல்லிவைத்தேன். "நானே போனில் இங்கிலீஷில் பேசிப் பார்க்கிறேன். எப்போது கூப்பிடுவேன் என்று சொல்ல மாட்டேன்" என்றார் மேனேஜர் அம்மா. காப்பிப் பழம் பறித்துப் பறித்து அக்காவுக்கு முதுகு போய்விட்டிருந்தது. அந்த வேலை தனக்கு எவ்வளவு தேவை என்பதையும் எழுதித்தான் அனுப்பினார்.

அதன்பின் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஏணியில் நின்று ஒயர் இழுக்கும்போதுகூட ஒரு கையால் போனைத் தடவிக்கொண்டிருந்தேன். மேனேஜர் இன்றே அக்காவைக் கூப்பிட்டுவிட்டால்?

ஒரு மாலை இந்தப் பாடத்தைப் போட்டேன்: நாளைக்கு வேலைக்கு வர முடியாது என்று மேலாளரிடம் சொல்லுங்கள். ஒவ்வொரு குரலாக வந்தது. அக்காவுடையது வரவில்லை. பதிலாக அவரே போன் செய்தார்.

"காரியம் கெட்டுதுங்க மிஸ்."

எஸ்டேட்டுக்கும் ஒரு குழு உண்டு. மறுநாள் எந்தக் காப்பிக் காட்டில் பறிப்பு என்று, ஆள் கணக்கு எழுதும் ரைட்டர் அதில் போடுவார். வர முடியாதவர்கள் அங்கேயே சொல்லிவிட வேண்டும். வர முடியாது என்றதும் அக்காவின் விரல் பழக்கத்தில் அந்தக் குழுவைத் திறந்துவிட்டது. "சாரி சார், டுமாரோ ஐ கேனாட் கம்." அவர் பேசிய முதல் இங்கிலீஷை மொத்த எஸ்டேட்டும் கேட்டுவிட்டது.

பதில்களை எனக்கு அனுப்பிவைத்தார். முதலில் ரைட்டர்: "ஏனுங்கம்மா, காய்ச்சலுங்களா? வெள்ளக்காரக் காய்ச்சலாட்டத் தெரியுது!" அடுத்து ஒரு பெண்: "தொரசாணிக்குக் கூடை தூக்க ஆள் வேணுமாக்கும்?" இன்னொருத்தி: "சும்மா இருங்கடி. நல்லாத்தான பேசுது. இன்னொருக்காப் பேசு கண்ணு."

"உடனே அழிச்சிருக்கலாமேக்கா?"

"எல்லாருந்தான் கேட்டுட்டாங்களே. இனி அழிச்சு என்னத்துக்குங்க?"

அழிக்கவில்லை. அங்கேயே பதிலும் சொல்லியிருந்தார்: "நோ ஃபீவர் சார். டுமாரோ ஐ வில் கம். திஸ் இஸ் ஹோம்வொர்க்."

மறுநாள் பகல் முழுக்க அக்காவிடமிருந்து சத்தமே இல்லை. வீட்டில் திட்டிவிட்டார்களோ, வகுப்பை விட்டே நின்றுவிடுவாரோ என்று, சரியாக மாட்டிய கேமராவையே கழற்றித் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தேன்.

மாலையில் எங்கள் குழுவில் அவருடைய குரல் வந்தது.

"பறிச்சுட்டு இருக்கறப்ப அந்த லாட்ஜம்மா கூப்புட்டுட்டாங்க மிஸ். இவளுங்கெல்லாம் சுத்தி நின்னுகிட்டாளுங்க. எனக்கு ஒண்ணுமே வரல. நாளைக்கு வாங்கன்னு இங்கிலீசுல சொல்றாங்க. சாரி மேடம், டுமாரோ ஐ கேனாட் கம்முன்னு சொல்லிப்போட்டேன். அது ஒண்ணுதாங்க தடங்கலில்லாம வந்துச்சு!" பின்னால் யாரோ, "ஹோம்வொர்க்குன்னு சொல்லு புள்ள!" என்று கத்த, ஒரே சிரிப்பு. "அப்பறம் அவங்க எப்ப வருவீங்கன்னு கேட்டாங்க. மண்டே ஐ வில் கம்முன்னேன். சரின்னுட்டாங்க."

திங்கட்கிழமை என்றதும் எனக்கு மறுபடி படபடப்பு. ஆதார், சான்றிதழ், எந்த பஸ், என்னென்ன கேட்பார்கள் என்று வரிசையாகத் தட்டி அனுப்பினேன்.

உடனே அக்காவிடமிருந்து வாய்ஸ் வந்தது.

"எழுதக் கூடாதுங்க மிஸ். பேசுங்க."