இடது காதில் கணவன், வலது காதில் மனைவி

பொம்மசந்திராவுக்குப் போகும் எங்கள் கம்பெனி பஸ்ஸில் எனக்கு ஜன்னலோர சீட் கிடைத்துவிடும். ஈஜிபுராவில் ஏறினால் போய்ச்சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சில்க் போர்டு சந்திப்பில் வண்டிகள் நின்றுவிட்டால் இன்னும் கூட. மற்றவர்கள் அந்த நெரிசலைத் திட்டுவார்கள். நான் திட்டுவதில்லை. போன் வழியாக என் காதில் யாராவது ஒரு நாவலைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருப்பார்கள்.

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். புத்தகம் பிடிக்கும். ஆனால் நாள் முழுக்க பேக்கிங் செக்‌ஷனில் பொடி எழுத்து லேபிள்களைப் பார்த்த கண், சாயங்காலம் எதையும் படிக்க விடாது. வீட்டில் இரண்டே அறை, எந்நேரமும் டிவி. அதனால் கதைக்கு இந்த பஸ்தான். கூச்சப்படுகிறவர்களுக்குத்தான் இதன் சுகம் முழுசாகத் தெரியும் என்று நினைக்கிறேன். ஒருவர் நம்மிடம் ஒரு மணி நேரம் பேசுகிறார், பதிலே எதிர்பார்ப்பதில்லை.

நல்ல பதிவாகப் பார்த்து எடுப்பதுதான் பெரும்பாடு. கதை நன்றாக இருந்தால் மட்டும் போதாது. ஒருவர் குழந்தை பேசும் இடத்தில் கீச்சென்று கத்துவார். இன்னொருவர் யார் செத்தாலும் வயலின் போடுவார். ஒரு அம்மாள் உருக்கமாகப் படித்துக்கொண்டிருக்கும்போது பின்னால் குக்கர் விசில் அடித்தது. பலமுறை ஏமாந்த பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். தொடக்கத்தைக் கேட்கவே கூடாது. தொடக்கத்தை எல்லோரும் அக்கறையாகத்தான் படிப்பார்கள். நடுவில் எங்காவது, இரண்டு பேர் பேசிக்கொள்ளும் இடத்தில் வைத்துக் கேட்க வேண்டும். அலட்டாமல் படித்தும் யார் பேசுகிறார் என்று தெரிந்தால், நம்பி எடுக்கலாம்.

பக்கத்து சீட்டுக்கு ஆள் வந்தபிறகு என் நிம்மதி போனது. அசெம்பிளி செக்‌ஷனில் புதிதாகச் சேர்ந்தவள், என்னைவிட இளையவள், மடிவாளாவில் ஏறுவாள். என்ன பாட்டு என்று கேட்டாள். கதை என்றேன். “கதையா? குடுக்கா, நானும் கேக்கறேன்” என்று என் இயர்போனின் இடது பக்கத்தை எடுத்துத் தன் காதில் செருகிக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மறுநாள் ஏறியதுமே கையை நீட்டினாள். அதுவே வழக்கமாகிவிட்டது.

சும்மா கேட்டாலாவது பரவாயில்லை. கதையில் மாமியார் வந்தால் தன் மாமியாரைப் பற்றி ஆரம்பிப்பாள். தூங்கி எழுந்து, விட்ட இடத்திலிருந்து மறுபடி போடச் சொல்வாள். மழையோ மரமோ வந்தால் தள்ளிவிடச் சொல்வாள். நானும் தள்ளிவிடுவேன். அந்த மழைக்காகவே நான் அதை எடுத்திருப்பேன்.

அப்போதுதான் அந்த நாவல் கிடைத்தது. ஒரு கணவன் மனைவியின் கதை. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சேர்ந்து படித்தது. வீட்டில் சமைத்துக்கொண்டே போன் ஸ்பீக்கரில் நடுப்பகுதியைப் போட்டுப் பார்த்தேன். இரண்டு குரலுமே அருமை. மறுநாள் பஸ்ஸில் கேட்டபோது, அவர்கள் சண்டை போடும் இடம் வந்ததும் ஏதோ கெட்டுப்போனது போல இருந்தது. மனைவி ஒன்று சொல்வாள். பிறகு நீண்ட மௌனம். மறுபடி மனைவியே பேசுவாள். மோசமான பதிவு, மறுபடி ஏமாந்தோம் என்று நினைத்தேன்.

“பாவம்க்கா அந்தாளு” என்றாள் பக்கத்தில் இருந்தவள். “தானாவே பேசிட்டிருக்கான். அந்தம்மா ஒரு வார்த்த திருப்பிச் சொல்லல.”

அப்போதுதான் புரிந்தது. கணவனை இடது காதிலும் மனைவியை வலது காதிலுமாகப் பிரித்துப் பதிவு செய்திருக்கிறார்கள். ஸ்பீக்கரில் கேட்டபோது அது தெரியவில்லை. கணவன் முழுக்க அவளிடம் இருந்தான். அவன் என்ன சொன்னான் என்று கேட்டால், “என்னமோ ஊருக்குப் போறேங்கறான்” என்றாள். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது.

அந்தச் சண்டையை முழுதாகக் கேட்டே ஆகவேண்டும் என்றாகிவிட்டது. இயர்போனைப் பங்குபோட முடியாது என்று சொல்ல ஒரு காரணமும் கிடைத்திருந்தது. வீட்டில் மனதுக்குள் பலதடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். காலையில் அவள் கை நீட்டியபோது, இந்தக் கதைக்கு ரெண்டு காதும் வேண்டும் என்று விளக்கினேன்.

“இவ்ளோதானா? போனக் குடு” என்றாள். எங்கெங்கோ தொட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். “இப்பக் கேளு, ரெண்டு பேரும் ரெண்டு காதுலயும் வருவாங்க. என் தம்பிக்கு ஒரு காது கேக்காது. அவனுக்கும் இப்டித்தான் வெச்சுக் குடுத்திருக்கேன்.”

கஷ்டப்பட்டுச் சேர்த்த காரணம் போயிற்று. சண்டை ஆரம்பித்தது. கணவன் வாசல்வரை போய்த் திரும்பி ஏதோ சொல்ல வாயெடுத்தான். அந்த இடத்தில் இவள், தன் வீட்டுக்காரரும் இதே மாதிரிதான் என்று தொடங்கினாள்.

“நான் தனியா கேக்கணும்” என்றேன். நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. “அத மொதல்லயே சொல்றதுக்கென்னக்கா? யார்கிட்டயும் பேசாம ஒருத்தியா உக்காந்திருக்கியேன்னுதான் கூடக் கேட்டேன். எனக்கு இதெல்லாம் கேட்டா தூக்கம்தான் வருது” என்று கழற்றி என் மடியில் வைத்தாள். தன் போனில் பாட்டு போட்டுக்கொண்டு கண்ணை மூடினாள்.

இத்தனை மாதம் இரண்டு பேருமே எதற்காக அவஸ்தைப்பட்டோம் என்று எரிச்சலாக வந்தது. இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு சண்டையை முதலிலிருந்து போட்டேன். இப்போது இரண்டு குரலும் இரண்டு பக்கமும் ஒன்றன்மேல் ஒன்றாக வருகின்றன. கணவன் ஒரு பக்கம் மனைவி ஒரு பக்கம், நடுவில் நான் என்று கேட்பதற்கு அல்லவா ஆசைப்பட்டேன். பக்கத்து சீட்டுக்காரி எதைத் தொட்டாள் என்று போன் முழுக்கத் தேடிப்பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை.

பக்கத்தில்தான் இருக்கிறாள். கேட்டால் உடனே மாற்றிக் கொடுப்பாள். சண்டையைப் பாதியில் நிறுத்தி வைத்திருக்கிறேன்.